தாகமெடுத்த புல்தரை

கொளத்தாங்கல் ஊருக்குக் கிழக்கே, முன்பு வேர்க்கடலை போட்ட மேட்டில், எட்டு மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்று எழும்பி நின்றதும், அதன் காலடியில் இரண்டு ஏக்கருக்குப் புல்தரை விரித்ததும், அந்தப் புல் பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து தன்மேல் நடப்பவர்களிடமிருந்து தண்ணீர் குடிக்கத் தொடங்கியதும் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்; தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்று, அது அம்சவல்லியின் ஆறு மாதக் குழந்தையிடம் மட்டும் ஏன் அத்தனை ஆசையாகக் குடித்தது என்பது.

அம்சவல்லி அங்கே புல் வெட்டும் வேலைக்குப் போனாள். ஊரில் அம்சா என்றால்தான் தெரியும். அவளும் தேசம்மாவும் இன்னும் நாலு பெண்களும் சேர்ந்துதான் தை மாதத் திறப்பு விழாவுக்கு முன்னால் அந்தப் புல்லையே விரித்தார்கள். அடியில் இருந்ததோ உடைந்த செங்கல், சிமெண்டுக் கட்டி, டைல்ஸ் சில்லு. அதை அள்ளிக் கொட்ட நாளில்லை, வெள்ளிக்கிழமை முகூர்த்தம், அன்றைக்குப் பச்சை தெரிய வேண்டும் என்று மேனேஜர் ஹரிகிருஷ்ணன் ஒற்றைக்காலில் நின்றார். கான்டிராக்ட் எடுத்த ஏகாம்பரம் மேஸ்திரி தாடியைச் சொறிந்தபடி ஒரு வழி சொன்னார்: இடிபாட்டின் மேல் பழைய ஃபிளெக்ஸ் பேனரை விரி, களையும் வராது, கல்லும் தெரியாது, அதற்கு மேல் விரல்கிடை செம்மண், அதற்கு மேல் லாரியில் பாய் மாதிரி சுருட்டி வரும் புல். படம் போட்ட பக்கம் கீழே கவிழ்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் மண் வழுக்கிக்கொண்டு போகும் என்பது மட்டும் அவர் கட்டளை.

கொளத்தாங்கலில் ஃபிளெக்சுக்கா பஞ்சம்? காதுகுத்துக்கு ஒன்று, மஞ்சள் நீராட்டுக்கு இரண்டு, கட்சிக்காரர் வந்தால் ரோடு முழுக்க, யாராவது செத்தால் கண்ணீர் அஞ்சலிக்கு முக்குக்கு முக்கு என்று கட்டி, விசேஷம் முடிந்ததும் அவிழ்த்து மாட்டுக்கொட்டகைக்கும் விறகுக்கும் போர்த்தி வைப்பது அந்த ஊர் வழக்கம். ஆளாளுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். அம்சா தன் மகள் மிதுனாவுக்குப் பெயர் வைத்த அன்று தெருமுனையில் கட்டிய பேனரைக் கொண்டுவந்தாள். இப்படியாகப் பூப்பெய்திய பெண்களும், கல்யாண ஜோடிகளும், கும்பிட்ட கையோடு வட்டச் செயலாளர்களும், செத்துப்போன பெரியவர்களும் ஒருவர் பக்கத்தில் ஒருவராகப் படுக்க, அவர்கள் மேல் புல் விரிந்தது. கடைசியில் ஏ.சி. மெஷின்கள் நிற்கும் வடக்கு மூலைக்கு மட்டும் ஃபிளெக்ஸ் பற்றவில்லை. அங்கே வெறும் மண்மேலேயே புல்லைப் பரப்பிவிட்டுக் கை கழுவினார்கள்.

புல் முதலில் மற்றப் புல் மாதிரிதான் இருந்தது. காலையில் மூன்று லாரித் தண்ணீர், சாயந்திரம் மூன்று லாரி. ஊற்றிய தண்ணீர் ஃபிளெக்சைத் தாண்டி இறங்க வழியில்லாமல் வழிந்து ரோட்டோரச் சாக்கடையில் விழும், புல் நுனி மஞ்சளாகும், இன்னொரு லாரிக்குப் போன் போகும். லாரி ஓட்டியது அம்சாவின் புருஷன் கஜேந்திரன். தண்ணீர் கொளத்தாங்கல் ஊர்க் கிணற்றுத் தண்ணீர். மாசி முடிவதற்குள் கிணற்றில் படிக்கட்டெல்லாம் தெரிந்து, அதற்குக் கீழே யாரும் பார்த்திராத பாறையும் தெரிந்து, குடத்தைச் சேற்றில் சாய்த்துப் பிடிக்கிற நிலை வந்ததும், தேசம்மா தலைமையில் பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்து லாரியை மறித்தார்கள். மறியலில் அம்சாவும் உட்கார்ந்தாள். லாரியில் அவள் புருஷன் ஆரனை அடிக்க, அவள் தரையில் உட்கார்ந்தபடியே, இன்னிக்கு வீட்டுக்கு வா, சோறு இருக்கு, குழம்புக்குத் தண்ணி இல்ல என்று சொன்னதைக் கேட்டு இரண்டு பக்கமும் சிரித்தார்கள்.

இரண்டு நாள் புல்லுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை, செத்திருக்கும் என்று பார்க்கப் போனால், கிளிக்குஞ்சின் கழுத்து மாதிரி அப்படி ஒரு பச்சை. அன்று காலை ஒன்பது மணிக்கு, பஸ்ஸை விட்டு இறங்கிக் குறுக்கு வழியாகப் புல்லில் நடந்து போன ஆபீஸ் ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தார்கள், பாட்டில் காலி. டிபன் பாக்சைத் திறந்தார்கள்; சாம்பார் சாதம் பொரி மாதிரி கலகலத்தது. காகிதக் கப்பில் காபியோடு நடந்தவர் கையில் கப்பின் அடியில் ஒட்டிய தூள் மட்டும் மிஞ்சியது.

அதற்காக யாரும் வேலையை விட்டுப் போய்விடவில்லை. ஒரு வாரத்தில் எல்லோரும் பழகிக்கொண்டார்கள். சோறு கொண்டுவருகிறவர்கள் கல் பதித்த பாதையில் சுற்றி வந்தார்கள்; கோடை மழையில் நனைந்தவர்கள் வேண்டுமென்றே புல்லில் நாலு அடி நடந்து சட்டையை உலர்த்திக்கொண்டு லிப்டில் ஏறினார்கள்; அழ வேண்டும் போலிருந்தவர்கள் புல்லின் நடுவில் போய் நின்றுவிட்டுக் கன்னம் உலர்ந்து மீட்டிங்குக்குத் திரும்பினார்கள். தண்ணீர் குடித்துவிட்டுப் புல்லில் கால் வைக்கவும் என்று மேனேஜர் ஒரு போர்டு வைத்தார். லாரி இல்லாமலேயே இரண்டு ஏக்கர் பச்சை என்று பசுமைக் கட்டட விருதுக்கு எழுதிப் போட்டு, சித்திரை பத்தாம் தேதி ஆட்கள் பார்வையிட வருவதாகப் பதிலும் வாங்கிவிட்டார். ஊரிலோ கிணற்றில் தண்ணீர் மெல்ல ஏறிப் பாறையை மூடி, கீழ்ப்படியைத் தொட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் செக்யூரிட்டியிடம் சொல்லிவிட்டுப் பெண்கள் கூழ்வடகத்தையும் நெத்திலியையும் புல்லோரம் பரப்பினால் பாட்டு ஒன்று பாடி முடிப்பதற்குள் காய்ந்தது. யாரோ ஓரமாக ஒரு கல்லை நட்டு மஞ்சள் தடவி, புல்லாத்தா என்று பெயரும் வைத்துவிட்டார்கள். வேலை செய்கிற பெண்களுக்குத்தான் முதலில் உதடு வெடித்தது. வியர்வையே வராத உடம்போடு அரைமணி வெட்டுவதும், வெளியே வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பதும், மறுபடி அரைமணி வெட்டுவதுமாக அதையும் வேலையில் ஒரு பாகமாக்கிக்கொண்டார்கள்.

அம்சா குழந்தையை வேலைக்குக் கூடவே கொண்டுவருவாள். தூளி கட்ட அங்கே மரம் ஏது? கட்டட நிழலில் புல்மேல் பழைய சேலையை நாலாக மடித்துப் போட்டுக் கிடத்துவாள். அந்த வாரம் முழுக்கக் குழந்தையின் துணி நனையவே இல்லை. தினம் எட்டுத் துணி துவைக்கிறவளுக்கு இது லாட்டரி அடித்த மாதிரி. என் பொண்ணுக்கு இப்பவே எவ்வளோ பொறுப்பு பாரு என்று தேசம்மாவிடம் பீற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை குளிப்பாட்டி எண்ணெய் வைக்கும்போது, விரல் உச்சிக்குழியில் இறங்கியது.

இறங்கியது என்றால், உள்ளங்கை நிறைய எண்ணெய் ஊற்றினால் நிற்கிற அளவுக்கு. அம்சாவின் கை அப்படியே நின்றது. குழந்தை அழுதது; வாய் கோணியது, சத்தம் வந்தது, கண்ணில் தண்ணீர் வரவில்லை. துணி நனையாத நாட்களை அவள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நினைத்துப் பார்த்தாள்.

அன்றோடு குழந்தையைப் புல்லுக்குக் கொண்டுபோவதை நிறுத்தினாள். லாரி ஓடாததால் வீட்டில் இருந்த கஜேந்திரன் மடியில் போட்டுக்கொண்டு கரண்டி கரண்டியாக உப்புச்சர்க்கரைத் தண்ணீர் புகட்டினான். ஆனால் நடந்தது இதுதான்: புல்லை விட்டு வந்த மற்றவர்களுக்கெல்லாம் ஒரு சொம்பு தண்ணீரில் உடம்பு தேறியது, மிதுனாவுக்கு மட்டும், மூன்று மைல் தள்ளி, ஓட்டு வீட்டுக்குள், அப்பன் மடியில் படுத்தபடியே உடம்பு காய்ந்தது. பத்து மணிக்குக் குடித்த பால் பதினோரு மணிக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் டிரிப்ஸ் ஏற்றினார். பாட்டில் இறங்கியது, இன்னொரு பாட்டில் இறங்கியது, துணி மட்டும் நனையவில்லை. செங்கல்பட்டில் இரண்டு நாள் வைத்துப் பார்த்த டாக்டர், ஏத்துற தண்ணி எங்கம்மா போகுது என்று அம்சாவையே கேட்டார், அவள் எங்கோ ஒளித்து வைத்திருப்பது போல. சித்திரை எட்டாம் தேதி, இனி பட்டணத்துக்குத்தான் கொண்டுபோகணும், நாளைக்கே போங்க என்று எழுதிக் கொடுத்தார்கள். குழந்தை கஜேந்திரன் தோளில் ஒரு காய்ந்த துணி மாதிரிக் கிடந்தது. அதன் மூச்சு மட்டும் அவன் கழுத்தில் சூடாகப் பட்டது.

ஒன்பதாம் தேதி காலையில், பட்டணம் போவதற்கு லீவு சொல்லிவரத்தான் அம்சா கட்டடத்துக்குப் போனாள். கிழக்கு ஓரமாக நடந்தவள் கால் ஓரிடத்தில் நின்றது. அங்கே ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் புல் முழங்கால் உயரம் நின்றது. முந்தின நாள் வெட்டிய இடந்தானே என்று அவள் கேட்க, காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை வெட்டுறோம், நிக்கவே மாட்டேங்குது என்றாள் தேசம்மா. அம்சா குனிந்தாள். ஒவ்வொரு நுனியிலும் வெள்ளையாக ஒரு சொட்டு. முகர்ந்து பார்த்தாள். குழந்தையின் கழுத்து மடிப்பில் வருமே, புளித்த பால் வாசனை, அது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. தை மாதம், அந்தி சாயும் நேரம், மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பியிருக்க, கடைசியாகத் தன் பேனரை விரிக்க வந்தவள், மாலை போட்டு முகமெல்லாம் வாயாகச் சிரிக்கிற மகளை மண்ணைத் தின்னக் கவிழ்க்க மனசு வராமல், யாருக்குத் தெரியப்போகிறது என்று படத்தை வானம் பார்க்க விரித்து, அந்தக் கன்னத்தில் தூசியை முந்தானையால் துடைத்துவிட்டு, மேலே செம்மண்ணைத் தூவினாள். இரண்டு ஏக்கரில் மேலே பார்த்துப் படுத்திருந்தது ஒரே ஒரு முகம். அது அவள் குழந்தையின் முகம். மண்ணில்லாத புல், வேர் இறக்க இடம் தேடி அலைந்த புல், அத்தனை முதுகுகளுக்கு நடுவே ஒரு திறந்த வாயைக் கண்டுபிடித்துவிட்டது.

கொட்டகைக்குப் போய்க் கடப்பாரையையும் பன்னரிவாளையும் எடுத்தாள். கஜேந்திரனுக்குப் போன் போட்டு, புள்ளைய தூக்கிக்கினு ஏ.சி. மூலைக்கு வா, வேற எங்கயும் கால் வைக்காத என்று மட்டும் சொன்னாள்.

மேனேஜர் ஓடிவந்தார். நாளைக்கு விருதுக்காரர்கள் வருகிறார்கள், இரண்டு நாள் பொறுக்கக் கூடாதா, நானே உனக்கு லீவு தருகிறேன் என்று கெஞ்சினார். அவர் கெட்டவரில்லை, உதடு வெடித்து அவருக்கும் ரத்தம் கட்டியிருந்தது. மேஸ்திரி தாடியைச் சொறிந்தார். வழியை மறித்து நின்றது தேசம்மாதான். ஏன் என்றால், இந்தப் புல்லைக் கிழித்தால் அவர்கள் வேறு புல்லைப் போடுவார்கள், வேறு புல் போட்டால் லாரி வரும், லாரி வந்தால் கிணறு போகும்.

"ஒன் ஒரு புள்ளைக்காவ ஊரே நாக்கு தொங்கி சாவணுமாடி?" என்று கேட்டாள் தேசம்மா. கேட்டுவிட்டு அவளே தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்சா கடப்பாரையால் வடக்கு மூலையைக் காட்டினாள்.

"அக்கா, அங்க யாரு தண்ணி ஊத்துனது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃபிளெக்ஸ் பற்றாமல் விட்ட அந்த மூலையில் விரித்த புல் எப்போதோ பின்வாங்கி, ஏ.சி. குழாயின் சொட்டுக்கு அடியில் நொச்சி இடுப்பளவு நின்றது. சொட்டு எட்டாத தூரத்தில் தும்பையும், அதற்கும் தள்ளி ஒரு துளியும் கேட்காத ஆவாரையும், தங்கள் தங்கள் தாகத்துக்கு ஏற்ற தூரத்தில் தாங்களே இடம் பிடித்து நின்றன. ஆவாரை பூத்திருந்தது. அதன் அடியில் உதிர்ந்த இலை மண்ணை மூடியிருந்தது. அங்கே நின்று சாப்பிட்டவர்களின் சாம்பார் வற்றியதில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

தேசம்மா வழியை விட்டாள்.

அம்சா முதல் குத்துக் குத்தியதும் புல் குடிக்கத் தொடங்கியது. இதுவரை அது நடப்பவர்களிடம் உறிஞ்சியது விளையாட்டு; இப்போது அது பயத்தில் குடித்தது. அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது, இமை மூட மறந்து கண்ணில் மணல் உறுத்தியது, விரல்கள் காய்ந்த மிளகாய் மாதிரிச் சுருங்கி அரிவாள் பிடியிலிருந்து நழுவின, மார்பில் கட்டியிருந்த பால் கட்டியபடியே கல்லாகி வலித்தது. கட்டடத்தின் எட்டு மாடிக் கண்ணாடிகளிலும் முகங்கள் ஒட்டிக்கொண்டு பார்த்தன. அவள் விழப்போன நேரத்தில் முதுகில் சில்லென்று ஒரு குடம் தண்ணீர் விழுந்தது. தேசம்மா. தன் வெடித்த உதட்டோடு புல்லுக்குள் இறங்கி நின்று, கெட்ட வார்த்தையில் புல்லாத்தாளைத் திட்டிக்கொண்டே இன்னொரு குடத்துக்குக் கை நீட்டினாள். பின்னால் மற்றப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் மேஸ்திரி, கடைசியில் குழாயடியில் டை கட்டிய மேனேஜர் என்று ஒரு வரிசை தானாக நின்றது. குடம் குடமாக வந்தது. பாதி வழியிலேயே பாதி வற்றியது. வற்றாத பாதி அம்சாவின் மேல் விழுந்தது.

புல்லை அவள் பாய் மாதிரிச் சுருட்டினாள். அடியில் மகள் சிரித்தாள். பேனரில் அவள் நிஜத்தைவிடக் கொழுகொழுவென்றிருந்தாள்; கன்னம் உப்பி, மோவாய் இரண்டு மடிப்பாகி, தொட்டால் உள்ளே அமுங்கியது. உதடு ஈரமாக இருந்தது. அந்த வாய்க்குள் வெள்ளை வேர்கள், நூல் நூலாக, நூறோ இருநூறோ, இறங்கி மறைந்தன. அவற்றைப் பிடுங்கினால் வாய் கிழியும் என்று அம்சாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, குழந்தையின் நகத்தை வெட்டுகிற மாதிரி, முன்பற்களால் ஒவ்வொன்றாகக் கடித்து அறுத்தாள். ஒவ்வொரு வேரும் அறும்போது தன் பாலின் ருசி அவள் வாயில் வந்தது. அத்தனை தாகத்திலும் அவள் அதை விழுங்கவில்லை. ஒவ்வொரு சொட்டையும் மண்ணில் துப்பினாள். கடைசி வேர் அறுந்ததும் பேனரில் முகம் வெளுத்தது. கன்னம் தட்டையாகி, கண் கரைந்து, பெயர் சூட்டு விழா என்ற எழுத்துக்களும் மாலையும் மட்டும் மிஞ்சின.

அவள் தவழ்ந்து ஏ.சி. மூலைக்குப் போனாள். கஜேந்திரன் ஆவாரைக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. குழந்தையை மட்டும் வாங்கி மடியில் போட்டு, மாரைத் திறந்து வாயில் வைத்தாள். உதடு அசையவில்லை. உச்சிக்குழி பள்ளமாகவே இருந்தது. நொச்சியின்மேல் ஏ.சி. சொட்டு விழும் சத்தம் மட்டும் கேட்டது. வேர் அறுத்தது பிந்திவிட்டதா என்ற கேள்வியைக் கேட்க வாய் ஈரமாக இருந்தவர் அங்கே யாருமில்லை.

மறுநாள் விருதுக்காரர்கள் வந்து சுருட்டிக் கிடக்கும் புல்லையும் வெளுத்த பேனரையும் பார்த்துவிட்டு டீகூடக் குடிக்காமல் போகப்போகிறார்கள் என்பதும், ஊரே திரண்டு மிச்ச பேனர்களை உருவி இடிபாட்டை அள்ளப்போகிறது என்பதும், மாடியிலிருந்து இறங்கும் மழைக்குக் குழி வெட்டி, குழியோரம் வெட்டிவேரும் நொச்சியும், கொஞ்சம் தள்ளிப் புங்கனும் பூவரசும், வெயில் காயும் பக்கம் ஆவாரையும் கற்றாழையும் என்று தாகம் பார்த்துத் தாகம் பார்த்து அம்சாவே நடப்போகிறாள் என்பதும், லாரி கேட்காத அந்தத் தோட்டத்தின் வழியே ஆபீஸ் ஆட்கள் திறந்த காபிக் கப்போடு நடந்தாலும் வெகுநாள் வரைக்கும் உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டேதான் நடப்பார்கள் என்பதும், அந்த ஊரில் இனி யாரும் குழந்தை படத்தைப் பேனரில் போடமாட்டார்கள் என்பதும் அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதில் அவளுக்கு ஆவது ஒன்றுமில்லை. அவளுக்கு வேண்டியது வேறு.

அதற்காக அவள் காத்திருந்தாள். நிழல் ஒரு முழம் நகர்ந்தது. முதலில் மார்க்காம்பில் ஏதோ கவ்வியது, பலமில்லாமல், பிறகு பலமாக. கல்லாகிக் கிடந்த பால் வலியோடு இளகி இறங்கியது. மிதுனா குடித்தாள், மூச்சு முட்டக் குடித்தாள், நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு மறுபடி குடித்தாள். அம்சா அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்திருந்தாள், உள்ளே போவது உள்ளேயே இருக்குமா என்று.

அப்போது மடியில் வெதுவெதுவென்று பரவியது. துணியைத் தாண்டி, சேலையைத் தாண்டி, தொடையில் வழிந்து, ஆவாரை இலைகள்மேல் சொட்டி, மண்ணுக்குள் இறங்கியது. கஜேந்திரன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். அவன் கன்னத்தில் கண்ணீர் காயாமல் ஓடியது.

தேசம்மா தன் முந்தானையைக் கிழித்து நீட்டினாள்.

"சேலை பூராவும் நனைஞ்சிடுச்சி பாரு. மாத்துடி."

"இருக்கட்டுங்க்கா" என்றாள் அம்சா. "தானா காயட்டும்."

அது காய, சாதாரண ஈரம் காய்வதற்கு ஆகிற நேரமெல்லாம் ஆயிற்று. அதுவரை அவள் எழுந்திருக்கவே இல்லை.